மழைக்கு முன்பே இறங்கியவர்

செத்தவர்களையும் கூண்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். பியூலாவும் தட்டினாள். உள்ளங்கை சிவக்கும்வரை தட்டினாள்.

அதில் நியாயமும் இருந்தது. மலையையும் ஆற்றையும் முதன்முதலில் அளந்தவர்கள் என்று பாடப்புத்தகங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடிய பழைய விஞ்ஞானிகளில் சிலர், அளக்கப் போன இடத்தில் செய்த அட்டூழியம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருவர் சுமைகூலிகளைக் கயிற்றில் பிணைத்து நடத்தினார். இன்னொருவர் மலைவாசிகளின் இடுகாட்டைத் தோண்டி, மண்டையோடுகளைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார். அவர்கள் பெயரில் சிகரங்கள் இருந்தன, சாலைகள் இருந்தன. அவற்றையெல்லாம் விசாரித்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்குவதற்கென்றே மரபுத் தீர்ப்பாயம் ஏற்பட்டது.

கூண்டில் ஏறுவது ஆவி அல்ல, மீள்குரல். ஒருவர் எழுதியது, பேசியது, அவரோடு பழகியவர்கள் சொன்னது எல்லாவற்றையும் கணினிக்கு ஊட்டி, அவரைப் போலவே யோசிக்கவும் பேசவும் வைத்த ஒரு பெட்டி. அதில் ஒரு கேமரா, ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான். நேரில் கண்டதை ஒரு பக்கமும் பிறர் சொல்லிக் கேட்டதை ஒரு பக்கமும் அது தனித்தனியே வைத்திருக்கும். ஒன்றை மற்றொன்றாகச் சொல்லாது. பொய் சொல்லத் தெரியாது என்று அதைச் செய்தவர் உத்தரவாதம் கொடுக்க வேண்டும். பேராசிரியர் வேதரத்தினத்தின் மீள்குரலைச் செய்தவள் பியூலா.

வேதரத்தினம் அந்த அட்டூழியக் கூட்டத்தைச் சேர்ந்தவரில்லை. உப்பளங்கள் நிறைந்த கடலோரச் சமவெளியில் பிறந்து, கல்லூரிக்குப் போன பிறகுதான் மலையையே கண்ணால் பார்த்தவர். பார்த்த நாளிலிருந்து மலைப்பைத்தியமாக அலைந்தவர். வெள்ளிமட்டம் என்ற மலையூர் இருப்பதே அவர் தயவில்தான். செங்குத்தான சரிவின் நடுவில் அலமாரித் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த சமதரையைப் பார்த்துவிட்டு, 'பழைய ஆறு விட்டுச்சென்ற மேடை, உறுதியான நிலம்' என்று வரைபடத்தில் குறித்தார். அந்த ஒரு வரியை நம்பி வீடுகள் வந்தன, பள்ளிக்கூடம் வந்தது, கடைவீதி நடுவே அவருக்கு ஒரு வெண்கலச் சிலையும் வந்தது. சிலையின் கையில் பாறை உடைக்கும் சுத்தியல். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அந்தச் சுத்தியலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போகும். பியூலாவும் அப்படிக் கும்பிட்டு வளர்ந்தவள்தான். பிறகு அவரைப் பற்றியே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்கினாள்.

கெட்ட நேரம், வானிலிருந்து எடுத்த புது அளவீட்டுப் படங்கள் அவள் கைக்கு வந்து சேர்ந்தன. மரத்தையும் கட்டடத்தையும் உரித்துவிட்டு வெறும் தரையை மட்டும் காட்டும் படங்கள். வெள்ளிமட்டத்தை அவள் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆறும் இல்லை, மேடையும் இல்லை. எந்தக் காலத்திலோ மேலேயிருந்து சரிந்து வந்து, பாதி வழியில் நின்றுபோன மலைத்துண்டு அது. நின்றதே தவிர ஒட்டவில்லை. போன மழைக்காலத்தில் சில விரற்கடை நகர்ந்தும் இருந்தது.

வரைபடத்தைத் திருத்துங்கள் என்று ஒரு மனுப் போட்டாள். வரைபடத்தில் வேதரத்தினத்தின் பெயர் இருந்ததால் மனு மரபுத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது. திருத்தம் கேட்டவளுக்கு வழக்குக் கிடைத்தது.

விசாரணைக்கு முந்தின வாரம் பியூலா ஊருக்குப் போனாள். அக்கா ஹெப்சியும் அத்தான் ராபினும் சிலைக்கு நேர் எதிரே பேக்கரி வைத்திருந்தார்கள். பெயரும் வேதரத்தினம் பேக்கரிதான். வர்க்கி வாங்க சமவெளியிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அடுப்பறைச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு விரிசல் ஓடிக்கொண்டிருந்தது.

"இது போன தடவை இல்லையேக்கா."

"அடுப்புச் சூட்டுக்கு விட்டிருக்கும்டி. உங்க அத்தான் ரெண்டு தரம் பூசிட்டாரு. மறுபடி மறுபடி வாயைத் தொறக்குது" என்றாள் ஹெப்சி.

"வந்ததும் ஆரம்பிச்சிட்டாளா?" ராபின் மாவுப் பலகையோடு உள்ளே வந்தார். "ஏம்மா, உனக்கு ஊரு நல்லாருந்தா பொறுக்காதா? நீ போட்ட மனுவால லாட்ஜுக்காரங்க எல்லாம் என்னை மொறைக்கிறாங்க."

பியூலா பலகையை அவர் கையிலிருந்து வாங்கி, ஒரு முனையை உயர்த்திச் சாய்த்துப் பிடித்தாள். மாவு உருண்டை அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"நிக்குது பாத்தீங்களா?"

"நிக்கத்தான் செய்யும். நான் பிசைஞ்ச மாவு."

செம்பிலிருந்த தண்ணீரைப் பலகையின் மேல் முனையில் மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் இறங்கி மாவுக்கு அடியில் புகுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உருண்டை மொத்தமாக வழுக்கி, மேசையைத் தாண்டித் தரையில் விழுந்தது.

"மேல உச்சியில பெய்ற மழை, நம்ம தெருவுக்கு அடியில வருது அத்தான். அவ்வளவுதான் விசயம். இந்த வருசம் பெரிய மழைன்னு சொல்றாங்க. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு கீழ வந்திருங்க."

ராபின் மாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணாடி வழியே சிலையைப் பார்த்தார்.

"நல்ல மாவைக் கெடுத்துட்ட. ஊரு பூரா இங்க இருக்கு, நான் மட்டும் கடையைப் பூட்டிக்கிட்டு ஓடவா? சர்க்கார் எல்லாரையும் கிளம்பச் சொல்லட்டும், நானும் கிளம்பறேன். அது வரைக்கும் எதுத்தாப்ல நிக்கிறாரே, அவரு பேச்சுதான் எனக்குப் பேச்சு."

ஹெப்சி குனிந்து மாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.  அக்காவின் இரண்டு பெண்களும் பள்ளிவிட்டு வரும் நேரம். பள்ளிக்கூடம் அந்தத் தட்டின் விளிம்பிலேயே இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் தீர்ப்பாயத்து அறை ஒன்றில் அவள் பெட்டியைத் திறந்தாள்.

"வாம்மா" என்றது வேதரத்தினத்தின் குரல். பழைய வானொலி உரை ஒன்றிலிருந்து எடுத்த குரல், கொஞ்சம் மூக்கால் பேசுவது போல இருக்கும். "என்ன, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு?"

படத்தைக் காட்டினாள். ஒரு வருடமாக இந்த நிமிடத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தாள். பெட்டியின் கேமரா படத்தின் மேல் நிலைத்து நின்றது. பேசியபோது முதலில் வந்தது வருத்தமில்லை, ஆசை.

"அடேயப்பா! மரத்தையெல்லாம் எடுத்துட்டு மலையை இப்படி மொட்டையா பாக்க முடியுதா? எங்க காலத்துல இது இருந்திருந்தா..." குரல் சட்டென்று நின்றது. "இது சரிவாச்சே. மேல பிறை மாதிரி வெட்டு இருக்கு. கீழ வீங்கியிருக்கு. நான் மேடைன்னுல்ல எழுதினேன்? இதை எப்படிம்மா தவற விட்டேன்?"

"நீங்க எந்த மாசம் மலை ஏறுவீங்க ஐயா?"

"தை பொறந்ததும் ஏறுவோம். வைகாசியில மேகம் கூடுறதுக்குள்ள கூடாரத்தைச் சுருட்டிக்கிட்டு எறங்கிடுவோம். மழையில அட்டை, காய்ச்சல், கருவியெல்லாம் பாழாப் போவும். வெள்ளைக்காரன் வெச்ச வழக்கம் அது. நாங்களும் அப்படியே புடிச்சிக்கிட்டோம்."

"அப்ப வெள்ளிமட்டத்தை மழையில..."

"ஒரு நாள்கூடப் பாத்ததில்ல."

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார் என்று பியூலாவுக்கு அழுகை முட்டியது. அவருடைய நூல்களை வரி விடாமல் படித்தவள், இதை ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர் தலைமுறையில் யாரும் யோசிக்கவில்லை. காய்ந்த மலையை மட்டுமே பார்த்துவிட்டு மலையை எழுதிய கூட்டம்.

"நான் அந்த ஊருல வளந்தவ ஐயா" என்றாள். "ஆடி மாசம் வந்தா எங்க அடுப்படியில ஆட்டுக்கல்லுக்கு அடியில தண்ணி குமிழ் விடும். கூரை ஒழுகாது, தரைதான் ஒழுகும். எங்கம்மா ஒரு சிரட்டையால அள்ளி அள்ளி வெளிய ஊத்துவாங்க. ஐஸ் மாதிரி இருக்கும். உள்ள சின்னச் சின்னதா, கண்ணாடிச் செதில் மாதிரி அபிரகம் மினுங்கும். என்னம்மா இதுன்னு கேட்டா, பூமி வேர்க்குதுன்னு சொல்லுவாங்க."

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னாள். சிரட்டையா, தகரமா என்று கேட்டார். தண்ணீர் கலங்கலா, தெளிவா என்று கேட்டார். அபிரகத்தின் நிறத்தைக்கூடக் கேட்டார். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவன் தோற்றான். கடைசியில், "நாளைக்கு என்னை என்ன கேப்பாங்க?" என்றார்.

"ஒரே கேள்விதான். அது உறுதியான நிலம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுன்னா?"

"நல்லெண்ணத்துல நடந்த பிழை. உங்க பேரு, சிலை, எல்லாம் அப்படியே இருக்கும். மறு அளவீடு செய்யச் சொல்லுவாங்க. அது முடிய ரெண்டு மழைக்காலம் ஆகும். அது வரைக்கும் உங்க வரைபடம்தான் செல்லும், யாரையும் வெளியேத்த முடியாது."

"தெரிஞ்சே எழுதியிருந்தா?"

"மோசடி. வரைபடம் அந்த நிமிசமே செல்லாது. ஊரைக் காலி பண்ண உத்தரவு போட்டே ஆகணும்."

"என்ன சட்டம்மா இது?"

"பொய்யனைக் கண்டா ஓடுறாங்க ஐயா. தப்புப் பண்ணினவரைக் கண்டா கமிட்டி போடுறாங்க."

அவர் சிரிக்கவில்லை. "மழை எப்ப?"

"இந்த மாசத்துக்குள்ள புடிச்சிடும்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டுவிடலாமா? ஊருக்காக, அக்கா பிள்ளைகளுக்காக, ஒரே ஒரு பொய். மென்று விழுங்கினாள். கேட்டாலும் பயனில்லை என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பொய் சொல்லத் தெரியாதபடி அவரைச் செய்ததே அவள்தானே. பெட்டியை மூடிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் தீர்ப்பாயத்தில் நிற்க இடமில்லை. வெள்ளிமட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ராபின் கையில் ஒரு ரோஜா மாலைகூட இருந்தது, தீர்ப்பு சாதகமாக வந்தால் சிலைக்குப் போட. ஹெப்சி அவர் பக்கத்தில், முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் வக்கீல் எழுந்து, நாடு போற்றும் மேதை, குற்றமற்ற வாழ்க்கை என்று ஒரு பாட்டம் பேசி முடித்தார். அதில் பொய் ஏதும் இல்லை.

நீதிபதி காந்திமதி பெட்டியைப் பார்த்துக் கேட்டார். "வெள்ளிமட்டம் உறுதியான நிலம்னு எழுதியிருக்கீங்க. அது அப்படி இல்லைங்கறது எழுதறப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் வேதரத்தினம்.

பியூலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டம் ஒரு கணம் புரியாமல் இருந்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நீதிபதி மேசையைத் தட்டினார்.

"எப்படித் தெரியும்?"

"ஒரே ஒரு ஆடி மாசம் போனேன். யாருக்கும் சொல்லல. அப்ப அங்க நாலஞ்சு குடிசைதான். மழைக்கு ஒரு குடிசையில ஒதுங்கினேன். ஆட்டுக்கல்லுக்கு அடியில தண்ணி குமிழ் விட்டுது. கூரை ஒழுகல, தரை ஒழுகுது. அந்த வீட்டம்மா ஒரு சிரட்டையால அள்ளி வெளிய ஊத்திக்கிட்டே இருந்துது. ஐஸ் மாதிரித் தண்ணி, உள்ள அபிரகம் மினுங்குது. என்ன தாயி இதுன்னு கேட்டேன். பூமி வேர்க்குதுன்னு சொல்லிச்சு."

மூன்றாவது வரிசையில் ஹெப்சி தலையைத் தூக்கினாள். மெதுவாகத் திரும்பி, அத்தனை தலைகளுக்கு நடுவே தங்கையைத் தேடிப் பிடித்தாள். பியூலாவால் அந்தப் பார்வையை எதிர்கொள்ள முடியவில்லை, விலக்கவும் முடியவில்லை.

"தெரிஞ்சும் ஏன் மறைச்சீங்க?" என்றார் நீதிபதி.

"அங்க ஒரு ஊரு வரணும்னு பெரிய மனுசங்க ஆசைப்பட்டாங்க. வந்தா என் பேரு நிக்கும்னு நான் ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்."

ஊர் வக்கீல் துள்ளி எழுந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மேடம், இவர் மழைக்காலத்துல மலையில இருந்ததா எங்கயும் பதிவு கிடையாது! இந்த இயந்திரம் உளறுது. இல்லைன்னா யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க!"

நீதிபதி பியூலாவின் பக்கம் திரும்பினார். "உத்தரவாதம் கொடுத்தது நீங்க. கேட்டதைக் கண்டதா இதால சொல்ல முடியுமா?"

உண்மையைச் சொன்னால், வேதரத்தினம் யோக்கியர். அவர் பெயர் இருக்கும், சிலை இருக்கும், ஊரும் அந்தத் தட்டிலேயே இருக்கும்.  வாழ்க்கையில் அவள் மிகவும் மதித்த மனிதர், அவள் சொல்லப்போகும் ஒரு சொல்லில் அயோக்கியராகிவிடுவார். அப்படி ஆவதற்கு அவரே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ராபின் கையிலிருந்த மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன.

"முடியாதுங்க மேடம்" என்றாள். "அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. வரைபடம் ரத்து, ஊரைக் காலி செய்ய உத்தரவு, விருதுகளும் பெயரும் பறிமுதல். மோசடிக்காரரின் மீள்குரலை மூடி முத்திரையிட வேண்டும் என்பதும் சட்டத்தில் இருந்தது. அந்த வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

"ஏன் ஐயா இப்படிப் பண்ணினீங்க?" முத்திரைக்கு ஆள் வருவதற்குள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டாள். "எப்படிப் பண்ணினீங்க? உங்களால முடியாதே!"

"எனக்கும் அதான் ஆச்சரியம். ராத்திரி பகல் எனக்கேது, யோசிச்சிக்கிட்டே இருந்தேன். மழையில போய்ப் பாக்காம உறுதின்னு எழுதினேனே, அது மட்டும் உண்மையாம்மா? அந்தப் பொய் வருதுன்னா இந்தப் பொய்யும் வரும்னு தோணிச்சு. வந்துடுச்சு." கொஞ்சம் தயங்கினார். "உங்கம்மா வார்த்தையைத் திருடிட்டேன். மன்னிச்சுக்க."

அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள். அது வெறும் தகரம், அவளே வாங்கிப் பொருத்தியது. இருந்தும் அழுகையை அடக்க முடியவில்லை.

"அழாத. போயி ஊரை எறக்கு" என்றார் அவர்.

ஊரை இறக்குவது லேசான காரியமாக இல்லை. பீரோவும் கட்டிலும் கோழிக்கூடுமாக லாரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. பியூலா வீடு வீடாக ஏறி இறங்கினாள். பாதி வீட்டில் அவளைத் திட்டினார்கள், எல்லா வீட்டிலும் வேதரத்தினத்தைச் சபித்தார்கள். நம்பவைத்துக் கழுத்தறுத்த பாவி என்றார்கள். ராபின் தன் பேக்கரியின் பெயர்ப்பலகையைத் தானே பிடுங்கி அடுப்பில் போட்டார். ஒவ்வொரு சாபமும் காதில் விழும்போது, இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று கத்தவேண்டும் போல அவளுக்கு இருந்தது. ஒருவர் காதில் போட்டால் போதும், உத்தரவே கவிழ்ந்துவிடும். மேலே உச்சி கருத்துக் கிடந்தது. அங்கே மழை பிடித்துவிட்டது. ஊரில் இன்னும் ஒரு சொட்டு விழவில்லை, தெருவில் புழுதிதான் பறந்தது.

கடைசி லாரிகள் கிளம்பும் நாளில், சிலையை அப்படியே விட்டுப் போக ஊருக்கு மனசு வரவில்லை. கயிற்றைக் கட்டினார்கள். முன்னால் நின்று இழுத்தவர் ராபின். பீடத்தோடு பெயர்ந்து சாய்ந்தது சிலை. சுத்தியல் உடைந்து தெருவில் உருண்டது. பிள்ளைகள் தொட்டுத் தொட்டு அது மட்டும் பளபளவென்று இருந்தது.

பீடம் இருந்த குழியை எட்டிப் பார்த்த ஒருவர் கையைக் காட்டினார். எல்லோரும் கிட்டே வந்தார்கள்.

குழியின் அடியில் ஈரம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது குமிழ் விட்டது. பிறகு பொலபொலவென்று ஊறி ஏற ஆரம்பித்தது. காய்ந்த தெருவின் நடுவே, தெளிந்த தண்ணீர். உள்ளே அபிரகம் மினுங்கியது.

 கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லாரியை நோக்கி வேகமாக நடந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர் நடந்தார்கள்.

"பாத்தியா பியூலா?" ராபின் குழியைக் காட்டினார். "அடியில இத்தனை தண்ணியை வெச்சுக்கிட்டு மேல நின்னு சிரிச்சிருக்கான். எல்லாம் தெரிஞ்சவன்! சண்டாளன்!"

"ஆமா அத்தான்" என்றாள் பியூலா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ராபின் காறிக்கொண்டு குழியை நோக்கிக் குனிந்தார். ஹெப்சி அவர் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"துப்பாதீங்க."

"ஏன்? அந்தப் பாவி நின்ன இடம்தானே?"

ஹெப்சி தங்கையைப் பார்த்தாள். பிறகு குழியருகே மண்டியிட்டு, அந்தத் தண்ணீரை ஒரு கை அள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல தண்ணிங்க இது" என்றாள். "இதுல போய்த் துப்புவாங்களா? வாங்க, பிள்ளைங்க வண்டியில காத்துக்கிட்டிருக்கு."